ஐட்லிங்கில் நடுங்கும் பழைய கார்



1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொரிஸ் மைனர் நம்ம மலைநாட்டில் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. நடுச்சாமத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி வந்து, அப்படியொரு கார் வளைவில் வேகம் குறைந்ததும் நடுங்கி நின்றுவிட்டால் என்ன செய்வது?

எஞ்சின் ஐட்லிங்கில் குலுங்கினால் உடனே "காபரேட்டர் போச்சு" என்று ஸ்குரூவைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். நாங்கள் சொல்வது, முதலில் அதில் கை வைக்காதீங்க. பிளக் நாலையும் கழற்றிப் பாருங்க. மண்ணிறம் நல்லது. உலர்ந்த கரிக் கறுப்பென்றால் பெற்றோல் கூட, வெள்ளையென்றால் குறைவு. ஒன்று மட்டும் பெற்றோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்கு நெருப்புப் பொறி சரியில்லை. காபரேட்டர் நாலுக்கும் ஒன்றுதானே, பெற்றோல் கூடினால் நாலும் சேர்ந்துதான் கறுக்கும்! பிளக் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 25 பங்கு, பொயின்ட் இடைவெளி 15 பங்கு. இதைச் சரிபண்ணினாலே பல வண்டிகள் அமைதியாகிவிடும், செலவும் சொற்பம்.

அடுத்தது காற்று ஒழுக்கு. காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் காய்ந்து போனால் வேண்டாத காற்று உள்ளே போகும். எஞ்சினை ஓடவிட்டு அந்த இணைப்பில் கொஞ்சம் ஒயில் தடவுங்க. ஓட்டம் மாறினால் ஓட்டை அங்கேதான். பெற்றோல் தெளித்துப் பார்க்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். கீழேயே சூடான சைலன்சர் குழாய் இருப்பதை மறந்துவிடுகிறார்கள் போல!

மழை பெய்கிறது என்று ஷெட்டுக்குள் வைத்து எஞ்சினை ஓடவிட வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலிக்குது என்று சொல்லும்போதே ஆள் விழுந்துவிடலாம். கதவு திறந்திருந்தாலும் போதாது, வண்டியை வெளியே தள்ளுங்க.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் காபரேட்டர். மொரிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. காபரேட்டர். எஞ்சின் சூடானதும் உள்ளேயிருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் கூட இல்லாமல் மெல்ல உயர்த்துங்க. ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் நின்றுபோனால் பெற்றோல் குறைவு. கொஞ்சம் கூடி உடனே அடங்கினால் சரி. கீழேயுள்ள நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். நட்டுக்கு ஆறு பக்கம், ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் திருப்புங்க. கொழும்பில் சரிபண்ணிய வண்டி 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வந்தால் கறுப்புப் புகை விடலாம். மேலே காற்று மெல்லியது, பெற்றோல் கூடிப்போகிறது. அதனால் இந்தச் சோதனையை வண்டி ஓடுகிற தோட்டத்திலேயே செய்ய வேணும்.