சாய்ந்தது புலியா, சுவரில் மாட்டிய படமா?

நட்சத்திரம் தவறினால் ரசிகன் கோபப்படலாமா என்பது இன்றைய களத்தின் கேள்வி. அதற்குக் கோல்ஃப் ஆட்டக்காரர் டைகர் உட்ஸை எடுத்துக்கொள்வோம். கோல்ஃப் பணக்காரர்கள் விளையாட்டாயிற்றே என்று தயவுசெய்து யாரும் பெட்டியை அணைத்துவிட வேண்டாம். விஷயம் நம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது.

1999 நவம்பரில் உட்ஸ் கோலாலம்பூருக்கு வந்தார். பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கமாக இருந்த பள்ளத்தை ஏரியும் புல்தரையுமாக மாற்றிய மைன்ஸ் திடலில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. மார்க் ஓமேராவுடன் சேர்ந்து அமெரிக்காவுக்குக் கிண்ணத்தை வென்றார். தனிநபர் பட்டமும் அவருக்கே. இரண்டாவதாக வந்தவரை விட ஒன்பது அடிகள் குறைவு! அப்போது அவருக்கு வயது 23.

நம்மவர்கள் அவரைக் கொண்டாடியதற்கு ஆட்டம் மட்டும் காரணமல்ல. இந்த நாட்டில் கோல்ஃப் யாருடைய விளையாட்டாக இருந்தது? தோட்டத் துரைமாருடையது, கிளப் உறுப்பினர்களுடையது. மட்டையைப் பிடித்தவர் துரை, பையைச் சுமந்தவர் நம்மவர். பிற்காலத்தில் ராமையா, குணசேகரன் போன்ற தமிழர்கள் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்களாக உயர்ந்தார்கள் என்பது தனிப் பெருமை. உலக அளவில் என்று பார்த்தால், கறுப்பினத் தகப்பனாருக்கும் தாய்லாந்துத் தாயாருக்கும் பிறந்த ஒரு பையன் 1997-இல் அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடி வித்தியாசத்தில் வென்றான். அந்த அகஸ்டா கிளப் 1990 வரை ஒரு கறுப்பரைக்கூட உறுப்பினராகச் சேர்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட "நம்ம நிறத்துப் பையன்" என்று உரிமை கொண்டாடியதில் வியப்பென்ன?

அதன்பின் நடந்ததெல்லாம் ஊரறிந்த கதை. 2000-இல் அமெரிக்க ஓபனை 15 அடி வித்தியாசத்தில் வென்றார். 2008-இல் கால் எலும்பில் விரிசலோடு, முழங்கால் தசைநார் கிழிந்த நிலையில், 91 குழிகள் ஆடி அதே போட்டியை மீண்டும் வென்றார். அது அவருடைய 14-ஆவது மேஜர் பட்டம். அமெரிக்காவில் ஞாயிறு மாலை என்றால் இங்கே திங்கள் விடியற்காலை. சிவப்புச் சட்டைக்காரர் ஜெயிப்பதைப் பார்த்துவிட்டுப் பசியாறாமலே வேலைக்குக் கிளம்பியவர்கள் நம்மிடையே உண்டு.

2009 நவம்பர் 27. இங்கே ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புளோரிடாவில் தம் வீட்டு வாசலிலேயே உட்ஸ் காரைத் தீயணைப்புக் குழாயிலும் மரத்திலும் மோதினார். அடுத்த சில வாரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்களின் பெயர்கள் வெளிவந்தன. டிசம்பரில் மனைவிக்குத் துரோகம் செய்ததை ஒப்புக்கொண்டு ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். 2010 பிப்ரவரி 19-இல் கேமரா முன் நின்று மன்னிப்புக் கேட்டார். முன்வரிசையில் தாயார் இருந்தார், மனைவி இல்லை. அந்த ஆண்டு ஒரு போட்டியிலும் அவர் வெல்லவில்லை. அக்டோபர் இறுதியில் உலகின் முதலிடமும் போயிற்று.

"பெண் பாவம் சும்மா விடுமா?" என்றார்கள் நம் ரசிகர்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறதே! கடைசி நாளில் முன்னணியில் இறங்கினால் மேஜர் போட்டியில் தோற்கவே மாட்டார் என்ற பெயரைக் கொரியாவின் ஒய்.இ. யாங் உடைத்தது 2009 ஆகஸ்டில். ஊழல் அம்பலமாவதற்கு மூன்று மாதம் முன்பு. 2012-இல் உட்ஸ் மீண்டும் மைன்ஸுக்கு வந்து நான்காவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2013-இல் ஐந்து போட்டிகளை வென்று முதலிடத்தையும் மீட்டார். பெண் பாவத்துக்கு அந்த ஒரு வருடம் மட்டும் விடுமுறையா? அடியோடு சாய்த்தது முதுகு. 2014 முதல் 2017 வரை நான்கு அறுவைச் சிகிச்சைகள். 2017 நவம்பரில் தரவரிசையில் ஆயிரத்துக்கும் கீழே இருந்தார்.

அவமானம் ஆட்டத்தைத் தொடவே இல்லை என்பதும் சரியாகாது. பயிற்சியாளர் விலகினார், பல ஆண்டுகள் பை சுமந்த உதவியாளரும் பிரிந்தார். அதைவிட முக்கியமானது எதிராளிகளின் பயம். உட்ஸ் பெயரைப் பட்டியலில் பார்த்ததுமே கை நடுங்கியவர்கள், அவரும் நம்மைப் போல் ஒரு மனிதர்தான் என்று கண்டுகொண்டார்கள். அந்தப் பயம் அவருடைய பாதி ஆயுதம்.

நம் தமிழ்த் திரையிலேயே இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம். அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே, 1944 டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1947-இல் இருவருமே குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். கலைவாணர் மறுபடியும் படங்களில் கொடிகட்டிப் பறந்தார். பாகவதருக்கோ பழைய காலம் திரும்பவே இல்லை. ஒரே வழக்கு, ஒரே சிறை, ஒரே தீர்ப்பு. பாவம் புண்ணியம் என்று யாராவது இதற்கு விளக்கம் சொல்ல முடியுமா?

சரி, ரசிகனுக்குக் கோபப்பட உரிமை உண்டா? திருமணத்தில் துரோகம் செய்யப்பட்டவர் எலின். கோபமும் அவருடையது, முடிவும் அவருடையது. 2010 ஆகஸ்டில் விவாகரத்து முடிந்தது. அதில் பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு வேலையில்லை. ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒழுக்கமான மகன், பொறுப்பான கணவர், அன்பான தகப்பன் என்ற படத்தை வைத்துத்தான் அத்தனை விளம்பரமும் விற்றது. பொருளை வாங்கியவன் ரசிகன். 2010 ஏப்ரலில் நைக்கி நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? இறந்துபோன தகப்பனாரின் குரலை ஒலிக்கவிட்டு, உட்ஸை மௌனமாக நிற்க வைத்து ஒரு விளம்பரம் எடுத்தது. படம் உடைந்த பிறகும் உடைந்த துண்டுகளை விற்றார்கள்! இதற்கு ரசிகன் கோபப்பட்டால் அது நியாயமான கோபம்.

கிள்ளானில் ஒரு தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயது மகனின் அறையில் அவரே உட்ஸ் படத்தை மாட்டியவர். "இவனைப் பார், துரைமார் திடலிலேயே துரைமாரை ஜெயித்தவன்" என்று சொல்லி வளர்த்தவர். இப்போது மகன் கேட்கிறான்: "என்னப்பா, இவர் கெட்டவரா?" அந்த வீட்டில் உட்ஸ் தோற்றது மட்டும் பிரச்சினையில்லை. நம்மில் ஒருவன் மேலே போனால் இப்படித்தான் ஆவான் என்று சொல்லக் காத்திருப்பவர்களின் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டதே என்ற வலிதான் பெரிது. படத்தைக் கழற்றுவதும் விடுவதும் அந்தத் தகப்பனாரின் இஷ்டம். செய்தது தவறு என்று மகனிடம் தாராளமாகச் சொல்லட்டும். தவறு செய்ததால்தான் தோற்றார் என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஜெயிக்கும் நாள் வந்தால் என்ன சொல்வார்?

அந்த நாளும் வந்தது. 2019 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. அகஸ்டாவில் மழைக்குப் பயந்து ஆட்டத்தை முன்கூட்டியே தொடங்கியதால், இங்கே நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி வாக்கில் 43 வயது உட்ஸ் 15-ஆவது மேஜர் பட்டத்தை வென்று, தம் மகனைக் கட்டிக்கொண்டார். கிள்ளான் பையனுக்கு அப்போது 21 வயதிருக்கும்.

2021-இல் கார் விபத்தில் வலது கால் நொறுங்கியது. 2025-இல் குதிகால் தசைநார் அறுந்தது. ஜாக் நிக்லஸின் 18 மேஜர் பட்டங்களை எட்ட 15-க்குப் பிறகு இன்னும் மூன்று தேவைப்பட்டன. அந்த மூன்றுக்காகத் திங்கட்கிழமை விடியலில் எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். அதை யாரும் குறை சொல்வதற்கில்லை.