ஊர்ச்சபையில் தொடங்கிய தடை



பூமி சூடாவதைத் தடுக்கப் பெரிதும் பயன்படுவது தலைநகரின் சட்டமா, தெருமுனை மக்களின் உழைப்பா என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. நான் தெருமுனையின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய அக்கா, "காற்றுக்கு ஏதுங்க கவுன்ட்டி எல்லை? ஐம்பது பேர் அட்டை பிடித்து நின்றால் வானத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு ஊர்.

நியூயார்க் நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் போனால் டாம்ப்கின்ஸ் கவுன்ட்டி வரும். அதில் டிரைடன் என்று ஒரு ஊர். பதினான்காயிரம் பேர் இருப்பார்கள். பால்பண்ணைகள், மேய்ச்சல் நிலம், கிணற்றுத் தண்ணீர். அந்த மண்ணுக்கு அடியில் மார்செல்லஸ் என்கிற பாறைப் படுகை எரிவாயுவை அடைத்து வைத்திருக்கிறது. மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் உள்ளே செலுத்திப் பாறையைப் பிளந்தால் வாயு மேலே வரும். ஃப்ராக்கிங் என்கிறார்களே, அதுதான். நிறுவனத்தின் ஆட்கள் வீடு வீடாக வந்து குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஊர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போனது.

இப்போது அந்த ஊர்க்காரர் எங்கே போய் முறையிடுவார்? அக்கா சொன்ன வாஷிங்டனுக்கா? குடிநீரைக் காக்கும் மத்தியச் சட்டத்தின் நிலத்தடி விதிகளிலிருந்து ஃப்ராக்கிங்குக்கு விலக்குக் கொடுத்ததே வாஷிங்டன்தான், 2005இல். சரி, மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போகலாமா? எண்ணெய், எரிவாயுத் தொழிலை முறைப்படுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு மட்டுமே, ஊர்ச்சபைகள் தலையிடக் கூடாது என்று அங்கே சட்டமே இருந்தது. இரண்டு கதவும் சாத்தியிருந்தன, நடுவர் அவர்களே.

பக்கத்து ஊர் இத்தாக்காவில் ஹெலன் ஸ்லாட்ஜி என்று ஒரு வழக்கறிஞர். அவரும் கணவர் டேவிட்டும் அந்தச் சட்டத்தை வரிவரியாகப் படித்தார்கள். தொழிலை எப்படி நடத்துவது என்று ஊர்ச்சபை சொல்லக் கூடாது, உண்மை. ஆனால் இந்த நிலத்தில் எந்தத் தொழில் நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரம்? வீட்டுமனை இது, கடைத்தெரு இது, தொழிற்சாலை இங்கே கூடாது என்று வகுக்கும் அதிகாரம் ஊர்ச்சபையிடமே இருந்தது. அதை யாரும் பறிக்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு காசு வாங்காமல் ஊர் ஊராகப் போய் விளக்கினார்கள். டிரைடன்காரர்கள் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், கதவு கதவாகத் தட்டினார்கள், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கையெழுத்துச் சேர்த்தார்கள். 2011 ஆகஸ்டில் ஊர்ச்சபை ஒருமனதாகத் தடை போட்டது. அடுத்த மாதமே நிறுவனம் வழக்குப் போட்டது.

பணம் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர் மூன்று நீதிமன்றப் படி ஏறியது. 2014 ஜூன் 30 அன்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில், ஊருக்கு அந்த உரிமை உண்டு என்றது. அதற்குள் நியூயார்க்கில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இதே வழியில் நிரந்தரத் தடையோ தற்காலிகத் தடையோ போட்டிருந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் மாநில அரசு ஃப்ராக்கிங்கே கூடாது என்று அறிவித்தது. மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்பதை முதல் காரணமாகச் சொன்னார்கள். எதிரணி நண்பர்கள் உடனே, "பார்த்தீர்களா, கடைசியில் தடுத்தது மாநிலம்தானே" என்பார்கள். அன்றைக்குச் சுற்றுச்சூழல் துறை ஆணையர் ஜோ மார்ட்டென்ஸ் சொன்னதைக் கேளுங்கள். மாநிலம் ஒதுக்கி வைத்த இடங்களையும் ஊர்கள் போட்ட தடைகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பாறைப் படுகையில் 63 சதவீதத்தில் எப்படியும் துளை போட முடியாது, மீதியில் என்ன லாபம் கிடைக்கும் என்பதே சந்தேகம் என்று கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் டிரைடன் இருக்கிறது. பிறகு 2020இல் அந்தத் தடையைச் சட்டமன்றம் சட்டமாகவே ஆக்கியது.

ஒன்றை நான் மறைக்கப் போவதில்லை. நியூயார்க் தோண்டாமல் விட்டாலும், பக்கத்திலிருக்கிற பென்சில்வேனியாவில் தோண்டிய வாயுவைக் குழாய் வழியே வாங்கி எரித்தது. அக்கா கேட்ட கேள்வி இங்கேதான் கனமாக நிற்கிறது. ஆனால் அந்தப் போராட்டம் அதோடு வீட்டுக்குப் போகவில்லையே! டிரைடனுக்குப் பக்கத்திலிருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹோவார்த்தும் அவருடைய கூட்டாளிகளும் 2011இலேயே, ஃப்ராக்கிங் கிணறுகளிலிருந்து கசியும் மீத்தேனைக் கணக்கிட்டு, எரிவாயு சுத்தமான எரிபொருள் என்ற பேச்சையே கேள்வி கேட்டார்கள். இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது மீத்தேன். 2019இல் நியூயார்க் தன் காலநிலைச் சட்டத்தை இயற்றியபோது, வெளி மாநிலத்தில் தோண்டிக் கொண்டுவரும் எரிபொருளின் கசிவையும் தன் கணக்கிலேயே எழுத வேண்டும் என்றும், மீத்தேனை அந்த இருபது ஆண்டு அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்றும் எழுதியது. எல்லைக்கு அப்பால் நடந்தது என்று கைகழுவ முடியாதபடி ஒரு மாநிலத்தையே எழுத வைத்தவர்கள், கவுன்ட்டி கவுன்ட்டியாக அலைந்த அதே மக்கள்.

எதிரணியில் அடுத்துப் பேசப்போகிற தம்பி டெக்சாஸைக் கையில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். டென்ட்டன் நகரம். 2014 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் ஃப்ராக்கிங் வேண்டாம் என்றார்கள். 2015 மே மாதம் மாநிலச் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு ஊர்களின் கையைக் கட்டியது. ஜூனில் டென்ட்டன் தன் தடையைத் தானே விலக்கிக்கொண்டது. தோல்விதான், அதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் தம்பி, ஒரே ஒரு ஊர் போட்ட தடைக்கு, அவ்வளவு பெரிய மாநிலம் ஆறேழு மாதத்துக்குள் தனிச் சட்டம் கொண்டுவந்தது ஏன்? தெருமுனை உழைப்புக்குப் பலன் இல்லை என்றால் அதைச் சட்டம் போட்டு ஏன் தடுக்க வேண்டும்? காய்த்த மரம்தானே கல்லடி படும்!

தலைநகரத்தை நம்பு என்கிறார்கள். பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக 2017இல் அறிவித்தது வாஷிங்டன். 2021இல் திரும்பச் சேர்ந்தது. 2025 ஜனவரியில் மறுபடி விலகுவதாகக் கையெழுத்தானது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு திசை. டிரைடனின் தடைக்கு ஜனாதிபதி யார் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

நம் சபையில் பலரிடம் ஒரு தயக்கம் உண்டு. "நமக்கு ஓட்டே இல்லையே, விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம்" என்று. எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. போன வருடம் எங்கள் கவுன்ட்டியில் பள்ளிப் பேருந்துகளை மின்சாரப் பேருந்துகளாக மாற்றுவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. அவ்வளவு பெரிய கூடத்தில் பேச வந்தவர்கள் பதினொரு பேர். டீசல் புகையில் தினமும் நின்று பஸ் ஏறுகிற என் மகளுக்காக நானும் பெயர் கொடுத்தேன். ஆளுக்கு மூன்று நிமிடம். குடியுரிமை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே குடியிருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டார்கள். அந்த நடவடிக்கைக் குறிப்பில் அது இன்றும் இருக்கிறது.

அடுத்த கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு. என் வண்டியில் நான்கு இடம் காலியாக இருக்கிறது. எதிரணி அக்காவும் வரலாம்.