அத்தைக்குக் கணக்கு கேட்கணும்

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மைக்கில் பேசிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

ஓட்டு வீட்டை இடிச்சு, குழுக் கடனும் வாங்கி, போன வருஷம் கான்கிரீட் வீடு கட்டினோம். தரைக்கு டைல்ஸ், சுவருக்குப் பட்டி பார்த்து பெயிண்ட். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. ஆனா உள்ளே பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்தது.

எங்க குழுக் கூட்டம் அந்த ஹாலில்தான் நடக்கும். நான் ஊக்குநர், என் மாமியாரும் அதே குழுவில் உறுப்பினர். அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஒருநாள் கணக்கு வாசிக்கும்போது, "அத்தை, உங்க பாக்கி அறுநூறு"ன்னு சொன்னேன். அவங்களுக்கு அது எழுநூறுன்னு கேட்டிருக்கு. "நான் கட்டின நூறு ரூபாய் எங்கே போச்சு?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டாங்க. நோட்டைக் காட்டினேன். பேசாம எழுந்து போனவங்க, இரண்டு மாசம் கூட்டத்துக்கே வரலை. மாமியார் மருமக சண்டைன்னு ஊரில் பேச்சு. கணக்கில் சந்தேகம்னு ஒரு சொல் விழுந்தா குழு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா திண்ணையில் உட்கார்ந்து மெதுவாப் பேசினாக்கூட அத்தைக்கு நல்லாக் கேட்டது. அப்பத்தான் யோசிச்சேன், குறை காதில் மட்டும் இல்லை, வீட்டிலயும் இருக்கு.

என் மகனோட அறிவியல் புத்தகத்தில் இருக்கு. எதிரொலி தனியாக் கேட்கணும்னா சுவர் சுமார் 17 மீட்டர் தள்ளி இருக்கணுமாம். நம்ம ஹால் பத்தடி. அதனால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, சொன்ன சொல்லு மேலயே வந்து விழுது. இதுக்கு எதிர்முழக்கம்னு பேரு. முதல் எழுத்து அமுங்கிப் போய் "நூறு" மட்டும் நிக்குது. பழைய வீட்டில் மண் சுவர், ஓட்டு இடுக்கு, மூலையில் நெல் மூட்டை. சத்தம் அதிலேயே அடங்கிப் போகும். வழவழன்னு இருக்கிற டைல்ஸும் கான்கிரீட்டும் அப்படியே திருப்பி அனுப்பும்.

யாரோ சொன்னாங்கன்னு முட்டை அட்டையை ஒட்டினேன். பெரிசா ஒண்ணும் குறையலை, பல்லிதான் குடி வந்தது. தீப்பிடிக்கிற பொருள் வேற. வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்பை இங்கே சொல்ல முடியாது.

அப்புறம் பழைய நூல் சேலைகளை ஆறு மடிப்பா வெச்சு மெத்தை மாதிரி தைச்சேன். கம்பி போட்டு, சுவரை ஒட்டாம நாலு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டேன். ஜன்னலுக்குச் சேலையை இழுத்துக் கட்டாம, கொசுவம் வர்ற மாதிரி விட்டேன். தரைக்கு ஜமுக்காளம். நடு ஹாலில் நின்னு கை தட்டினா முன்னே "கிண்"ணுன்னு நிக்கும், இப்போ உடனே அடங்குது. கம்பிக்கும் ஆணிக்கும்தான் செலவு. அடுப்புப் பக்கம் மட்டும் துணி தொங்கவிடாதீங்க. தூசி சேரும், மாசம் ஒருமுறை துவைக்கணும்.

இதனால் வெளியில் கட்டுற ஒலிபெருக்கி சத்தம் நிக்காது. அதுக்குக் கதவு, ஜன்னல் இடுக்கை அடைக்கணும். கதவுக்கு அடியில் துணியைச் சுருட்டி வெச்சாலே கொஞ்சம் குறையும். மிக்சியைச் சுவரை விட்டுத் தள்ளி, காலுக்கு மட்டும் ரப்பர் துண்டு வைங்க. அடியில் துணி போட்டுக் காத்துப் போற ஓட்டையை அடைச்சா மோட்டார் சூடாகிடும்.

அத்தை இப்போ என் எதிரிலேயே, முகம் பார்த்து உட்கார்றாங்க. போன மாசம் சேமிப்பு மொத்தத்தை வாசிச்சேன். "அம்பது ரூபா குறையுதே, திரும்பக் கூட்டு"ன்னாங்க. கூட்டிப் பார்த்தேன். அன்னைக்குத் தப்பு என் பேரில்தான்.