நீந்தத் தெரியுமா, டீச்சர்?

(பாப்பாரப்பட்டியில் நடைபெற்ற ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தியாகி சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாள்களைக் கழித்த ஊர் இது. இங்கிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் பல மணி நேரம் ஆகும். ஆனாலும் இன்று கடலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஊரடங்கு தளர்ந்து, 2020 டிசம்பர் 14 முதல் தமிழகக் கடற்கரைகள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. 2021 பிப்ரவரி இறுதியில் நாங்கள் குடும்பத்தோடு இராமேசுவரம் போனோம். விடியும் நேரம். அக்கினி தீர்த்தத்தில் அலை அதிகமில்லை. அண்ணன் மகன் நீந்திப் போய்விட்டான். நான் முழங்கால் அளவு நீரில் நின்றேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

கிணறு இல்லாத வீட்டில் நான் வளரவில்லை. என் அண்ணன்மார் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி எங்கள் கிணற்றில்தான் பழகினார்கள். நான் மேட்டில் உட்கார்ந்து அவர்கள் துணியைக் காவல் காத்தேன். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நீச்சல்' என்ற பேச்சோடு அது முடிந்தது.

அன்று காலை பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போனோம். அங்குள்ள பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணிச்சுற்று, அவ்வளவுதான் கருவி. பாசி அழிந்துவிடக் கூடாதென்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். இவர்களுக்குத் தலைமை ஏற்ற லட்சுமி என்பவருக்கு 2015இல் பன்னாட்டுச் சீகாலஜி விருது கிடைத்தது.

கரையில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம், "உங்களுக்கு நீந்தத் தெரியுமா, டீச்சர்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்போ தண்ணிக்குள்ள விழுந்தா என்ன செய்வீங்க?" என்றாள். கேலி இல்லை, உண்மையான கவலை. என்னிடம் பதில் இல்லை.

ஊர் திரும்பிய சில வாரங்களில் ஒரு செய்தி படித்தேன். ஐதராபாத்தைச் சேர்ந்த கோலி சியாமளா, மார்ச் 19 அன்று இலங்கைப் பக்கமிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 13 மணி 43 நிமிடம். நாற்பது வயதைத் தாண்டிய பிறகே நீச்சல் கற்றவர் அவர். அதற்குப் பிறகு எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. காலி கேன் கட்டி, எங்கள் கிணற்றிலேயே இறங்கினேன். "கையக் கால உதறாதீங்க அத்தை, மூச்சை இழுத்துட்டு மல்லாந்து படுங்க" என்று அண்ணன் மகன் சொல்லிக்கொடுத்தான். இப்போது மிதப்பேன்; கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றுவேன். மாணவராக இருப்பது எவ்வளவு பயம் தரும் என்பதையும் அந்தக் கிணற்றில்தான் மறுபடி தெரிந்துகொண்டேன்.

2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபின் என் வகுப்பில், நீந்தத் தெரிந்தவர்களைக் கை தூக்கச் சொன்னேன். ஆண் பிள்ளைகளில் பாதிக்கு மேல். பெண் பிள்ளைகளில் மூன்றே பேர். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தோர் சுமார் 2,36,000 பேர். நம்மைச் சுற்றிக் கிணறும் ஏரியும் இருக்கின்றன. ஒகேனக்கல்லில் காவிரி ஓடுகிறது. துணி துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் பெண் பிள்ளைகள்தாம் தண்ணீருக்குப் போகிறார்கள். நீச்சல் தெரிந்த பையன்களுக்கோ ஆழத்தின் மீது பயமே இல்லை. இரண்டுமே ஆபத்து.

நீச்சல்குளம் இல்லாத பள்ளியில் நாம் என்ன செய்ய முடியும்? நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் வகுப்பிலும் கை தூக்கச் சொல்லிக் கணக்கெடுங்கள். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். மகளுக்கும் பெரியவர் துணையோடு நீச்சல் பழக்குமாறு பெற்றோரிடம் கேளுங்கள்.

இரண்டு, ஒருவர் மூழ்கினால் இன்னொரு பிள்ளை குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவதே வழக்கமான துயரம். கத்தி ஆள் கூப்பிட வேண்டும். கயிறு, நீளக் கழி, துப்பட்டா, மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் கரையிலிருந்தே நீட்ட வேண்டும், வீச வேண்டும். இதைத் திடலில் நடித்துப் பழக்கலாம். பத்து நிமிடம் போதும்.

மூன்று, இனி சுற்றுலாக்கள் தொடங்கும். கடலில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் பல நேரம் உள்ளே இழுக்கும் நீரோட்டம். அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். பேருந்து ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். இறங்கியபின் யார் காதிலும் விழாது.

ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2021இல் அறிவித்திருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் தண்ணீருக்குப் போவது கோடை விடுமுறையில். ஆகவே ஜூலை வரை காத்திராமல், விடுமுறை விடும் முன்பே இந்த ஒரு பாடத்தை நடத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.