அந்த லாரி எங்கே போகிறது?

(கோலார் தங்கவயலில் ஒரு மாலை வகுப்பில் எழுத்தறிவுத் தொண்டர் பேசியது)



நேற்று கரும்பலகையில் 'கக்கூஸ்' என்று எழுதினேன். எல்லோரும் சிரித்தீர்கள். இன்று அதைப் பற்றித்தான் பேச்சு.

கக்கூஸ் தொட்டி நிறைந்தால் என்ன செய்கிறோம்? லாரியைக் கூப்பிடுகிறோம். குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள். பணம் கொடுக்கிறோம். தொல்லை விட்டது என்று கதவைச் சாத்துகிறோம். அந்த லாரி எங்கே போகிறது?

எங்கள் தெருவுக்கு வந்த லாரியின் பின்னால் என் தம்பி சைக்கிளில் போனான். ஊரைத் தாண்டியதும் ஓடைக்கரையில் லாரி நின்றது. அப்படியே திறந்துவிட்டார்கள். சற்றுக் கீழே, அதே ஓடையில், ஒரு பாட்டி கீரை கழுவிக்கொண்டிருந்தாராம். அந்தக் கீரை எங்கள் வீட்டுக்கே வந்திருக்கலாம்.

மலத்தில் காலரா, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கும். குடற்புழு முட்டைகளும் இருக்கும். அந்த முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. தேவனஹள்ளி உங்களுக்குத் தெரியும். திப்பு சுல்தான் பிறந்த ஊர். பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 28,000 பேர் இருந்த சின்ன ஊர். பாதாளச் சாக்கடை இல்லாததால் வீடுகளில் குழிதான். லாரிகள் வயலிலும் ஓடையிலும் கொட்டின. 2015இல் அங்கே மலக்கழிவைச் சுத்தம் செய்யும் நிலையம் கட்டினார்கள். ஒரு நாளைக்கு 6,000 லிட்டர் கொள்ளும். சுமார் இரண்டு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எந்திரம் கிடையாது. லாரி கொட்டும் இடத்தில் ஒரு கம்பிச் சல்லடை இருக்கும். துணியும் பிளாஸ்டிக்கும் அதில் நின்றுவிடும். மற்றது மூடிய தொட்டிக்குப் போகும். காற்றுப் புகாத அந்தத் தொட்டியில் கழிவு மக்கும். சாண எரிவாயுக் கலத்தைப் போலத்தான். பிறகு அதை மணலும் ஜல்லியும் பரப்பிய பாத்தியில் விடுவார்கள். காப்பி வடிகட்டுவது போல, தண்ணீர் கீழே இறங்கும். சக்கை மேலே காயும். இறங்கிய தண்ணீரைச் செடி வளர்த்த ஜல்லிப் படுகை வழியாக விட்டு மேலும் சுத்தம் செய்வார்கள். காய்ந்த சக்கையைக் காய்கறிக் குப்பையோடு கலந்து குவித்து வைப்பார்கள். குவியல் உள்ளே நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டில்தான் புழு முட்டை சாகும். பிறகு அது உரம். வயலுக்குப் போகும்.

பச்சையாகக் கொட்டினாலும் உரம்தானே என்று ஒரு ஐயா கேட்டார். இல்லை ஐயா, அது வியாதி.

இன்னொன்று. லாரிக்குக் காசு அதிகம் என்று ஆளை இறக்கிவிடாதீர்கள். தொட்டிக்குள் நச்சுவாயு இருக்கும். ஒருவர் மயங்கினால், தூக்கப் போனவரும் சாவார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் போன உயிர் வருமா? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை எதிர்த்துப் போராடி 2016இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் நம் தங்கவயலில் பிறந்தவர். நம் ஊரிலாவது இது நடக்கக் கூடாது.

நாளை பாடப் புத்தகம் வேண்டாம். எல்லோரும் வெள்ளைத் தாள் கொண்டு வாருங்கள். நகரசபைக்கு மனு எழுதப் போகிறோம். 'எங்கள் தொட்டிக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது?' இதுதான் முதல் வரி. கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள்.