கன்னிநிலம் என்றொரு பிழை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மலருக்கு என் பழைய கவிதை ஒன்றைத் தருமாறு செயலாளர் கேட்டிருந்தார். வட்டம் தொடங்கிய ஆண்டில் நான் இங்குப் படித்த 'வடபுலம்' என்னும் கவிதையே வேண்டும் என்றார். அன்று அதற்கு நீங்கள் எழுப்பிய கையொலியை நான் மறந்துவிடவில்லை. ஆயினும் அக்கவிதையைத் தர இயலாது என்று மறுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம். எனக்கும் வருத்தந்தான். ஏன் மறுத்தேன் என்பதைச் சொல்வதே என் உரையின் நோக்கம்.

அலாஸ்காவின் பனியாறுகளைப் பற்றிய கவிதை அது. எழுதியபோது அலாஸ்காவை நான் கண்டதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். கரும்பலகையின் அருகே தொங்கும் உலகப் படத்தின் இடது மேல்மூலையைக் குச்சியால் தொட்டுக் காட்டியே காலம் கழிந்தது. 1867ஆம் ஆண்டில் உருசியா 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்ற நிலம். தமிழ்நாட்டைப் போல 13 மடங்கு பரப்புடையது. மக்கள்தொகையோ எட்டு இலட்சத்தைக்கூட எட்டாதது. இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஜான் மியூர் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1915இல் வெளிவந்த அலாஸ்காப் பயண நூலைக் கல்லூரி நூலகத்தில் படித்த நாளிலிருந்து அந்நிலம் என் கனவில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கனவைத்தான் கவிதையாக்கினேன். மனிதன் காலடி படாத நிலம், பெயரிடப்படாத மலை, கன்னிநிலம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன். நீங்களும் பாராட்டினீர்கள்.

பாராட்டாதவர் ஒருவர் உண்டு. என் துணைவியார். "பார்க்காத ஊரைப் பார்த்தாற்போல எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். மகன் சியாட்டில் நகரில் பணிபுரிவதால் அது நடக்கக்கூடியதாகவே தோன்றியது. 2020ஆம் ஆண்டுக் கோடைக்குப் பயணச்சீட்டு வாங்கினான். அவ்வாண்டு கொள்ளைநோய் வந்தது. கப்பல்கள் கரையிலேயே நின்றுவிட்டன. பிறகு துணைவியாரின் முழங்கால் அறுவை. இப்படித் தள்ளித் தள்ளி, 2023ஆம் ஆண்டு சூன் திங்களில்தான் நாங்கள் இருவரும் சியாட்டில் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம்.

ஏழு நாள் பயணம். தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே செல்லும் அமைதியான கடல்வழி. இருபுறமும் ஸ்புரூஸ், ஹெம்லாக் மரங்கள் நீர்விளிம்புவரை இறங்கி நின்றன. இரவு பத்து மணிக்கும் வானில் வெளிச்சம் வடியவில்லை. மேல்தளத்தில் குறிப்பேட்டுடன் அமர்ந்தேன். முதற் சொல்லிலேயே தடுமாற்றம் வந்தது. நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. முன்பனி, பின்பனி என இரு பருவங்களுக்குப் பெயர் தந்தது. அங்கோ வானிலிருந்து பஞ்சுபோல் உதிர்வதும் பனி. ஆண்டாண்டாய்ப் படிந்து, தன் எடையாலேயே இறுகிக் கல்லாகி, மலைச்சரிவில் ஊர்ந்து இறங்குவதும் பனி. பாடநூலில் இதனைப் பனியாறு என்று எழுதினோம். நல்ல சொல்தான், ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அது வேறோர் இடத்தில் உண்டான சொல்லுக்கு நாம் தைத்துப் போட்ட சட்டை. அந்நிலத்தின் பழங்குடிகளான திலிங்கிட் மக்களின் மொழியில் பனியாற்றுக்குச் 'சீட்' என ஓரசைச் சொல் உண்டு. அதை நான் அறிந்தது பின்னர்.

முதலில் இறங்கிய துறை கெட்சிக்கன். ஓயாத மழைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே செந்நிறச் செடார் மரத்தில் செதுக்கிய குலமரபுத் தூண்களைக் கண்டோம். காக்கை, கழுகு, ஓநாய், கரடி என ஒன்றன்மேல் ஒன்றாய் உருவங்கள். தெய்வங்கள் என்று எண்ணிக் கைகூப்பப் போனேன். அவை வழிபாட்டுக்குரியவை அல்ல. ஒரு குலத்தின் வழிமுறையையும், மாண்டவர் நினைவையும், நிகழ்ந்த கதையையும் சொல்லும் தூண்கள் என்று வழிகாட்டி விளக்கினார். அப்போது எனக்கு நம் நடுகற்கள் நினைவுக்கு வந்தன. காலடி படாத நிலம் என்று எழுதியவனுக்கு முன்னே மூதாதையர் பெயர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அடுத்தது ஜூனோ. ஒரு மாநிலத்தின் தலைநகரமாயிருந்தும் வெளியூரிலிருந்து சாலைவழி செல்ல இயலாத ஊர். கப்பல் அல்லது விமானமே துணை. சிறு படகில் திமிங்கலங்களைக் காணச் சென்றோம். குளிர்காலத்தை ஹவாய்த் தீவுக் கடலில் கழித்துவிட்டு, ஏறத்தாழ 4,800 கி.மீ. நீந்தி இரைதேட இங்கு வருபவை அவை. ஒன்று வாலைத் தூக்கி நீருள் அமிழ்ந்தபோது துணைவியார் குழந்தைபோலக் கைதட்டினார். நாற்பதாண்டு இல்லறத்தில் அவர் அப்படிக் கைதட்டி நான் கண்டதில்லை. இந்தப் பயணம் முழுவதும் எனக்குப் பாடமாகவே கழிந்தது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்று மாலை மெண்டன்ஹால் பனியாற்றைக் கண்டோம். பனியின் நிறம் வெண்மை என்று எழுதியிருந்தேன். கண்டது நீலம். இறுகிய பனி ஒளியின் செந்நிறத்தை உட்கொண்டு நீலத்தை விடுகிறது என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். கவிதை எழுதும்போது மறந்துவிட்டேன். விளக்கப் பலகையின் முன் நின்ற துணைவியார், "மெண்டன்ஹால் யார்?" என்று கேட்டார். அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையின் தலைவராயிருந்த இயற்பியலாளர். 1892இல் அவர் பெயரை இட்டார்கள். "அதற்கு முன் இதற்குப் பெயரே இல்லையா?" என்றார். இருந்தது. சிற்றேரிக்குப் பின்னுள்ள பனியாறு என்று பொருள்தரும் திலிங்கிட் பெயர் அது. பெயரிடப்படாத மலை என்று எழுதிய கை என் சட்டைப்பைக்குள் ஒளிந்துகொண்டது.

நாங்கள் திரும்பிய பின், அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், அந்தப் பனியாற்றை ஒட்டிய பக்கப் பள்ளத்தில் தேங்கிய உருகுநீர் பனியின் அடியால் உடைத்துக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது. கரை அரிக்கப்பட்டு வீடு சரிந்து வெள்ளத்தில் விழுந்த காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டோம். 2024இல் அதனினும் பெருவெள்ளம். முன்பு அப்பள்ளத்தை நிறைத்திருந்த பனி உருகிப் பின்வாங்கியதே இதற்குக் காரணம். அந்தப் பனி எத்தனை வேகமாய்த் தேய்கிறது என்பதை, அதைக் காண எரியெண்ணெய் எரித்துச் சென்ற கப்பலில் மூவாயிரம் பேருள் ஒருவனாய்ப் போய்வந்த நான் உரக்கச் சொல்லத் தகுதியுடையவன் அல்லன்.

ஸ்காக்வே ஊரில் 1897, 1898ஆம் ஆண்டுகளின் பொன்வேட்டைக் கதைகளையே எங்கும் சொன்னார்கள். பொன்தேடிகளின் மூட்டைகளை மலைக்கணவாயில் சுமந்தவர்களுள் திலிங்கிட் மக்கள் பலர். அக்கணவாய் வழியே நெடுங்காலமாய் அவர்களின் வணிகப் பாதையாயிருந்தது. மியூரின் கதையும் அத்தகையதே. 1879இல் அவர் பனியாற்று விரிகுடாவைக் காணச் சென்றது டோயாட் என்னும் திலிங்கிட் தலைவரும் பிறரும் செலுத்திய படகில். இதை மியூரே பெயர்களோடு எழுதியிருக்கிறார். நூலில் இருந்தது, படித்த என் கண்ணில்தான் படவில்லை.

ஐந்தாம் நாள் பனியாற்று விரிகுடாவினுள் நுழைந்தோம். நாளொன்றுக்கு இரு பெருங்கப்பல்களுக்கு மட்டுமே அங்கு இசைவு. தேசியப் பூங்காவின் அலுவலர்கள் படகில் வந்து கப்பலில் ஏறினர். அவர்களோடு ஹூனா திலிங்கிட் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியும் வந்தார். 1794இல் வான்கூவரின் ஆய்வுக்குழு கண்டபோது இங்கே விரிகுடாவே இல்லை. வாயிலருகே பனிச்சுவர்தான் நின்றது. மியூர் வந்தபோது பனி 48 கி.மீ.க்கு மேல் பின்வாங்கியிருந்தது. இவ்வளவும் அலுவலர் சொன்னார், எனக்கும் தெரியும். அதற்குமுன் நடந்ததை அப்பெண்மணி சொன்னார்.

அக்கதை சூக்கனெய்தி என்னும் குலத்தாருக்கு உரியது. திலிங்கிட் மரபில் கதையும் பாட்டும் குலத்தின் உடைமை. உரியவர் பெயரைச் சொல்லாமல் எடுத்தாள்வது முறையன்று. எனவே பெயரைச் சொல்லியே சுருக்கிக் கூறுகிறேன். பனி வருவதற்குமுன் அங்கே ஊர்கள் இருந்தன. மீன் மிகுந்த ஆறு இருந்தது. பூப்பெய்தித் தனித்திருந்த காஸ்டீன் என்னும் பெண், விலக்கை மீறிப் பனியாற்றைப் பெயர்சொல்லி அழைத்தாள். அது வந்தது. நாய் ஓடுவதினும் விரைவாக வந்தது என்பார்கள். ஊரார் படகேறினர். ஒருவர் மட்டும் வீட்டிலேயே தங்கிப் பனிக்குள் மறைந்தார். அவர் காஸ்டீனே என்பது ஒருவர் சொல்லும் வடிவம். இளையவள் குலம் வளர்க்க வேண்டுமென்று அவளுக்கு மாறாக ஒரு மூதாட்டி தங்கினார் என்பது இன்னொருவர் சொல்லும் வடிவம். பதினெட்டாம் நூற்றாண்டில் பனி விரைந்து முன்னேறியதை நிலவியலாரும் உறுதிசெய்கின்றனர். வெளியேறிய மக்கள் நீரிணையின் மறுகரையில் ஹூனா ஊரில் குடியேறினர். பனி பின்வாங்கியதும் மீண்டும் வந்து வேட்டையாடினர். கடற்பறவை முட்டை எடுத்தனர். 1925இல் அந்நிலம் அரசின் காப்பிடமாயிற்று. யாருமில்லாக் காட்டைக் காப்பதாக எண்ணிய சட்டங்கள், அதன் உரியவர்களை ஒவ்வொரு பழக்கமாக விலக்கின. முட்டை எடுக்க மீண்டும் சட்டம் இசைந்தது 2014இல். மூதாதையர் பெயரால் ஒரு குலமனை அக்கரையில் எழுந்தது 2016இல்.

அவ்விரிகுடாவை அவர்கள் 'சீட் ஈட்டி கீயி' என்கின்றனர். பனியாறு, இருந்த இடம், விரிகுடா என்று சொல்லுக்குச் சொல் நம் தமிழ் வரிசையிலேயே அமைந்த தொடர்: பனியாறு இருந்த இடத்து விரிகுடா. ஒரு பெயருக்குள் முந்நூறு ஆண்டு வரலாறு. அப்போது மார்ஜரி பனியாற்றின் முகப்பில், கடலுக்கு மேல் 250 அடி உயர்ந்த சுவரிலிருந்து ஒரு பாளம் சரிந்தது. முதலில் விழுவது தெரிந்தது. இடியோசை பின்னர் வந்தது. தளத்தில் இருந்தோர் ஆரவாரித்தனர். அப்பெண்மணி மட்டும் பேசாமல் நின்றார். என் துணைவியார் அவர் அருகில் சென்று நின்றார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பெருமக்களே! இதில் நான் நாணுவதற்கு வேறொரு காரணம் உண்டு. வெறுங்காடு என்னும் எண்ணம் நம்முடையதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்ற தொல்காப்பியம், கருப்பொருளில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அடுக்குகிறது. தொழில் என்றால் செய்பவர் வேண்டும். பறை என்றால் முழக்குபவர் வேண்டும். நீரற்ற பாலைக்கும் எயினரை மக்களாக வைத்தது நம் மரபு. ஆளில்லா நிலம் ஒரு திணையாகாது. அந்த மரபைப் படித்துவிட்டு, கன்னிநிலம் என்று எழுதினேன். ஒரு மக்களின் நிலத்தைப் பறித்தவர்கள் படத்தில் விட்ட வெற்றிடத்தை நான் சந்தம் வைத்து நிரப்பியிருக்கிறேன்.

அந்நிலத்தின் கவிஞர் ஒருவரைச் சொல்லாமல் முடிக்கலாகாது. நோரா மார்க்ஸ் டவன்ஹவர். 1927இல் பிறந்தார், 2017இல் மறைந்தார். திலிங்கிட் அவர் தாய்மொழி. அம்மொழி பேசிய பிள்ளைகளைப் பள்ளிகள் தண்டித்த காலம் அது. அவர் கவிதையும் எழுதினார். கணவரோடு சேர்ந்து முதியோர் வாய்மொழிகளை எழுத்தில் பெயர்த்து நூல்களாக்கினார். நான் சொன்ன கதையின் இரு வடிவங்களும், சொன்னவர் பெயர்களோடு, 1987இல் வந்த அவர்கள் நூலில் உள்ளன. இன்று அம்மொழியைச் சரளமாகப் பேசும் முதியோர் நூறுபேருக்கும் குறைவு. அண்டையிலிருந்த ஈயாக் மொழியின் கடைசித் தாய்மொழியாளரான மேரி ஸ்மித் ஜோன்ஸ் 2008இல் மறைந்தார். அவருக்குப்பின் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேச ஆளில்லை. அவர் உதவியால் உருவான அகராதி இருக்கிறது.

நம் மொழி அந்நிலையில் இல்லை. எனினும் நம் கடற்கரையில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பரதவர் வழங்கும் பெயர்களில் எத்தனை உங்கள் கவிதைகளில் உள்ளன? என் கவிதைகளில் ஒன்றுகூட இல்லை. சென்ற ஆண்டு முதல் ஒரு மீனவப் பெரியவரிடம் வாரம் ஒருநாள் சென்று அமர்கிறேன். அவர் சொல்வதைச் சொன்னவர் பெயரோடு எழுதிவருகிறேன். இதுவரை ஒரு குறிப்பேடு நிறைந்திருக்கிறது. அதை வட்டத்தின் நூலகத்தில் ஒப்படைக்கிறேன். விரும்பியோர் அடுத்த குறிப்பேட்டைத் தொடங்கலாம்.

'வடபுலம்' கவிதையை நான் கிழித்துவிடவில்லை. பிழையும் என்னுடையதே. ஆனால் அது மலரில் வேண்டாம். அதற்கென ஒதுக்கிய பக்கங்களில் இவ்வுரையை இடுமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டேன், இசைந்தார். உரையை எழுதி முடித்ததும் துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். "இதுதான் பார்த்துவிட்டு எழுதியது" என்றார்.