ஹார்மோன் கோளாறும் நம் இல்லத்துப் பழக்கங்களும்



 

மிம்பரில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயத்தை இன்று பேச வேண்டியுள்ளது. ஓதிய தண்ணீர் கேட்டு வருவோரில் முன்பெல்லாம் குழந்தை இரவில் அழுகிறது, கடையில் வியாபாரம் இல்லை என்பவர்களே அதிகம். இப்போதோ, "மகளுக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை", "மருமகளுக்கு நீர்க்கட்டி என்கிறார்கள்", "மனைவிக்குத் தைராய்டு, எதைச் செய்தாலும் சோர்வு நீங்கவில்லை" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். துஆச் செய்கிறேன். கூடவே, "இரத்தப் பரிசோதனை செய்தீர்களா?" என்றும் கேட்கிறேன். பாதிப்பேர் செய்திருப்பதில்லை. ஆனால், யாரோ விற்ற ஒரு பொடியை மட்டும் ஆறு மாதமாகச் சாப்பிட்டு வருகிறார்கள்.

ஹார்மோன் என்பது என்ன? நம் உடலில் சில சுரப்பிகள் உள்ளன. கழுத்தில் தைராய்டு, வயிற்றில் கணையம், சிறுநீரகங்களின் மேல் அட்ரினல், பெண்களுக்குச் சினைப்பை, இவற்றில் பலவற்றை இயக்கும் பிட்யூட்டரி மூளையின் அடியில். இவை இரத்தத்தில் கலந்தனுப்பும் செய்திகளே ஹார்மோன்கள். இந்தப் பெயரை 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டார்லிங் என்ற அறிஞர் வழக்கில் கொண்டு வந்தார். அளவோ மிக மிகச் சொற்பம். அந்தச் சொற்பம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பசி, உறக்கம், மனநிலை, மாதவிலக்கு, கருத்தரிப்பு எல்லாம் தடுமாறும். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் அல்லாஹ் தராசைப் பற்றிப் பேசுவதை ஓதும்போதெல்லாம், அந்தத் தராசு நம் தோலுக்கு உள்ளேயும் இருப்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

"எல்லா ஹார்மோனையும் இயற்கையாகச் சமன் செய்யும்" என்று ஒரு டப்பாவின் மேல் அச்சிட்டிருந்தால், எந்த ஹார்மோனை என்று கேளுங்கள். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹார்மோன்கள் உள்ளன. ஒன்று கூடியதால் ஒருவருக்கு நோய். அதே ஹார்மோன் குறைந்ததால் அடுத்தவருக்கு நோய். இருவருக்கும் ஒரே பொடி எப்படிப் பொருந்தும்? உணவாலும் பழக்கத்தாலும் சீராகக்கூடியவை சில உண்டு. அவற்றால் மட்டும் சீராகாதவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாததால்தான் நம் குடும்பங்கள் துன்பப்படுகின்றன.

முதலில், நம் சமையலறையின் கை நேரடியாக எட்டக்கூடிய இன்சுலினை எடுத்துக் கொள்வோம். சோறோ இனிப்போ உண்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதைத் தசைகளுக்குள் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. நாள் முழுதும் தின்றுகொண்டே இருந்து, உடலையும் அசைக்காவிட்டால், தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ஒரு கட்டத்தில் களைத்து விடுகிறது. சர்க்கரை நோய் வருகிறது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாக மதிப்பிட்டது.

இதே இன்சுலின் மிகுதி இளம்பெண்களிடம் வேறு வகையிலும் வெளிப்படுகிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண் தன்மை ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது. மாதவிலக்கு தள்ளிப் போகிறது. முகத்தில் முடி வளர்கிறது, பருக்கள் ஆறுவதில்லை. இதைத்தான் மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள், நம் பெண்கள் பி.சி.ஓ.டி. என்றோ நீர்க்கட்டி என்றோ சொல்கிறார்கள். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உள்ளது என்றும், அவர்களில் பெரும்பாலோருக்குத் தமக்கு இந்நோய் இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பரம்பரையும் இதற்கு ஒரு காரணம். ஒல்லியான பெண்களுக்கும் வரும். எனவே, "தின்று தின்று வரவழைத்துக் கொண்டாள்" என்று எந்தப் பெண்ணையும் ஏசாதீர்கள்.

ஆறுதலான செய்தியும் உண்டு. உடல் பருமனான பெண்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோதான். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டின் உணவு மாற வேண்டும்.

பிரியாணியைப் பற்றி நான் பேசப் போவதாக நீங்கள் நினைக்கலாம். வாரம் ஒருமுறை அளவோடு உண்ணும் பிரியாணியை விட, அன்றாடம் கணக்கில் வராமல் உள்ளே போவதே பெருங்கேடு. காலையிலிருந்து இரவு வரை ஐந்து முறை சர்க்கரை போட்ட தேநீர், ஒவ்வொரு முறையும் இரண்டு பிஸ்கட்டோ ரஸ்க்கோ, கடையடைத்து வந்து இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா, சால்னா. விருந்து வீட்டில் நாலைந்து பேர் ஒரே சஹனில் அமர்வது நம் சகோதரத்துவத்தின் அழகு. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் சஹனில் தாம் எவ்வளவு உண்டோம் என்பது எவருக்கும் தெரிவதில்லை!

வயிற்றை மூன்றாகப் பிரித்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் தரும் வழிகாட்டுதலைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குத் தந்திருக்கிறார்கள். நாம் அதை மேடையில் சொல்கிறோம், தட்டில் காட்டுவதில்லை. தட்டின் பாதியில் காய்கறியும் கீரையும், கால் பங்கில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்றவையும், மீதிக் கால் பங்கில் மட்டும் சோறும் இருக்கட்டும். காயையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பிறகு உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். உண்டபின் பத்து நிமிடம் நடந்தால், உழைக்கும் தசைகள் சர்க்கரையைத் தாமே எடுத்துக் கொள்ளும். இதற்கு எந்தப் பொடியும் தேவையில்லை. நோயுற்ற மகளுக்கு மட்டும் தனிச் சமையல் செய்து, மற்றவர்கள் அவள் முன்னாலேயே சமோசா தின்பது மட்டும் கூடாது. அது ஒருநாளும் நிலைக்காது.

உறக்கமும் மருந்துதான். 1999ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமான இளைஞர்கள் பதினொருவரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்க விட்டுச் சோதித்தார்கள். அந்த ஆறு நாள்களிலேயே அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குன்றியது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபியவர்கள் விரும்பாததை நாம் அறிவோம். இன்று பேச்சு கூட இல்லை. ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு மூலை. நள்ளிரவு இரண்டு மணிக்கு உறங்கும் பிள்ளைக்கு ஃபஜ்ரும் தவறுகிறது, உடலும் கெடுகிறது.

இனி, உணவால் மட்டும் சீராகாத ஒன்றுக்கு வருகிறேன். தைராய்டு.

ஒரு காலத்தில் இமயமலை அடிவாரத்து மக்களிடையே கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு என்பதே காரணம். காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து, கழலை குறைவதை நிரூபித்தார்கள். 1962இல் அரசு அதற்கெனத் தேசியத் திட்டத்தையே தொடங்கியது. அங்கே உணவே மருந்தாயிற்று. ஆனால் அயோடின் உப்பு உண்ணும் நம்மில் பலருக்குத் தைராய்டு குறைவதன் காரணம் வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கிச் சிதைக்கிறது. சிதைந்த சுரப்பியைக் கீரை மீட்டுத் தராது. அது சுரக்க வேண்டிய அதே ஹார்மோன்தான் மாத்திரையாகத் தரப்படுகிறது. அதைச் "செயற்கை" என்று வெறுப்பதில் பொருளில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, "மாத்திரையை விடுங்கள், இந்தச் சூரணம் போதும்" என்று ஒரு வியாபாரி சொன்னதை நம்பி விட்டுவிட்டார். சில மாதங்களில் முகம் வீங்கி, குரல் கரகரத்து, தொழுகையில் எழுந்து நிற்கவும் இயலாமல் போனார். மாத்திரையைத் திரும்பத் தொடங்கிய பின்னரே தேறினார். கர்ப்பிணிகள் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும். தாயின் தைராய்டு குறைந்தால் கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரோ உணவோ கொள்ள வேண்டும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரமளானில் ஸஹர் உணவுக்கு முன்போ, இரவு உண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ உட்கொள்ளலாம்; எது தமக்கு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். முட்டைக்கோஸை அறவே விலக்க வேண்டும் என்பதும் தேவையற்ற அச்சமே. வேகவைத்து அளவோடு உண்ணலாம்.

"கருஞ்சீரகம் இருக்கிறதே, ஹஸ்ரத்?" என்று கேட்பீர்கள். அதன் சிறப்பை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் அந்த ஹதீஸின் பொதுச்சொல் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதும் என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கியிருப்பதை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்ற மருத்துவரிடம் செல்லுமாறு நபியவர்களே அனுப்பிய செய்தி அபூதாவூதில் உள்ளது. மருத்துவரிடம் செல்வது தவக்குலுக்கு முரண் என்றால் இந்த நிகழ்ச்சியை எங்கே வைப்பது? சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு எண்ணெய் கொடுப்பவர் அக்குழந்தையின் உயிரோடு விளையாடுகிறார். 1922இல் அந்த ஊசி வருவதற்கு முன்பு, இத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்து போனார்கள்.

இனி நான் சொல்வது ஆண்களுக்கு.

திருமணமாகி இரண்டாண்டில் குழந்தை இல்லையென்றால் பரிசோதனைக்கு மனைவியை மட்டும் அனுப்புகிறோம். கணவரோ வாசலில் பைக்கில் அமர்ந்திருக்கிறார்! குழந்தையின்மையில் ஆணின் குறைபாடும் பெரும்பங்கு வகிக்கிறது. அதை அறிய ஓர் எளிய சோதனை போதும். அதற்கும் முன்வராமல் இரண்டாம் திருமணத்தைப் பேசத் தொடங்குவது என்ன நியாயம்? யாருக்கு மக்களைத் தருவது, யாருக்குத் தராமலிருப்பது என்பது அல்லாஹ்வின் நாட்டம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதனால் அவர்களின் கண்ணியத்தில் அணுவளவும் குறைந்ததா? பெண் பார்க்கச் செல்லும் மாமியார்கள் இதை நினைவில் கொள்ளட்டும். நீர்க்கட்டியுள்ள பெண்களில் மிகப் பலர் தக்க சிகிச்சையால் தாயாகிறார்கள் என்பதையும் அறிந்து கொள்ளட்டும். வெளியே தெரிந்தால் வரன் வராது என்று மகளின் நோயை மறைக்கும் தாய், சிகிச்சைக்குரிய ஆண்டுகளையும் சேர்த்தே இழக்கிறார்.

நடக்கச் சொல்கிறோம், நம் பெண்கள் எங்கே நடப்பார்கள்? தெருவில் நடந்தால் பார்வை, மாடியில் நடந்தால் பேச்சு. வெயில் படாமல் வீட்டிற்குள்ளேயே இருப்பதால் வைட்டமின் டி குறைவும் நம் பெண்களிடம் காணப்படுகிறது. பெயர் வைட்டமின் என்றாலும், உடலில் அது ஹார்மோனாகவே செயல்படுகிறது. ஆகவே முத்தவல்லி அவர்களிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் பகிரங்கமாகவே ஒரு கோரிக்கை வைக்கிறேன். சுற்றுச்சுவருள்ள நம் மதரஸா மைதானம் காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை காலியாகவே கிடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பெண்கள் நடப்பதற்கென்று ஒதுக்கி, வாயிலில் ஒரு மூதாட்டியை அமர்த்தினால் போதும். செலவு எதுவும் இல்லை. தொழுகை முடிந்ததும் நிர்வாகிகள் சற்று நேரம் இருந்து, இதற்கு ஒரு முடிவு சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும் எனக் கேட்டுக் கொள்கிறேன்.